24 மிஷின் 60 ஆகிறது: லைன் சூப்பர்வைசரை எப்படிப் பார்த்து எடுப்பது?

பெருமாநல்லூர்_யூனிட்:

வணக்கம்ங்க. திருப்பூர் பெருமாநல்லூர் பக்கம் தையல் யூனிட். எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க், பெரும்பாலும் ரவுண்ட் நெக் டி-ஷர்ட். இப்ப 24 மிஷின், ஒரே லைன். உட்கார்ந்து தைக்கிறவங்க சராசரியா 20 பேர், கைமடி (டெய்லருக்கு உதவி ஆளுங்க), செக்கிங் தனி. ஷிப்ட் சம்பளம்தான், பீஸ் ரேட் இல்லை. 8 மணி நேரத்துக்கு 600 பீஸ் வருது. லைனை இதுவரைக்கும் நானே பார்த்துக்கிட்டேன். பக்கத்து ஷெட்டும் கைக்கு வந்திருச்சு, 60 மிஷின் போடறோம். இனி கட்டிங், டெலிவரி, பார்ட்டி எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு லைன்லயும் நிக்க முடியாதுங்க.

கையில் மூணு வழி இருக்கு. எங்ககிட்டயே பல வருசமா ஓவர்லாக் (ஓரம் சேர்த்துத் தைக்கிற மிஷின்) ஓட்டற அக்கா ஒருத்தங்க, வேலையில சுத்தம். ரெண்டாவது, வெளியிலிருந்து ஒரு சூப்பர்வைசர், வர்றப்பவே 15 டெய்லரைக் கூட்டிட்டு வர்றேங்கறார். மூணாவது, முதலிபாளையம் நிஃப்ட்-டீ காலேஜ்ல படிச்சு முடிச்ச பையன். வீட்டுல மச்சானைப் போடச் சொல்றாங்க, அதை இங்க கேட்கலை.

யாரை எடுக்கறது, எடுக்கறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கறது, சம்பளத்தை எப்படிப் பிரிச்சுக் கொடுக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பல்லடம்_ஃப்ளோர்:

முதல்ல ஒண்ணுங்க. 60 மிஷினை ஒருத்தர் தலையில கட்டாதீங்க. 60 மிஷின்னா கைமடி, டிரிம்மிங், செக்கிங் சேர்த்து 85 பேர் வந்துருவாங்க. ஒரு சூப்பர்வைசர் கண்ணுல வெச்சுப் பார்க்கறதுக்கு 25, மிஞ்சினா 30 பேர். அதுக்கு மேல போனா அவர் லைனைப் பார்க்க மாட்டார், எங்க சத்தம் வருதோ அங்க ஓடுவார். அதனால லைனை ரெண்டா, முடிஞ்சா மூணாப் பிரிங்க, லைனுக்கு ஒருத்தர். ஃப்ளோர் இன்சார்ஜ்னு பெரிய ஆளை இப்பவே தேட வேண்டாம். ஆறு மாசம் லைன் ஓடட்டும், அதுல யார் தேறறாங்கன்னு பார்த்து மேல ஏத்திக்கலாம். அதுவரைக்கும் இன்சார்ஜ் நீங்கதான், ஆனா லைனுக்குள்ள இறங்காத இன்சார்ஜ்.

15 டெய்லரோட வர்றேங்கறவர் விசயத்துல உசாருங்க. கேட்க நல்லாத்தான் இருக்கும், 36 மிஷின் காலியாக் கிடக்கறப்ப யாருக்கும் ஆசை வரும். ஆனா அந்த 15 பேரும் உங்க ஆள் இல்லை, அவர் ஆள். சம்பளத்துல 50 ரூபாய் பேச்சு வந்தாலும் அவர்தான் பேசுவார். தீபாவளி போனஸ் வாங்கின கையோட அவர் கிளம்பினா லைன்ல பாதி காலி, அதுவும் ஷிப்மென்ட் நேரத்துல. பழைய டெய்லர்களுக்கும் புது செட்டுக்கும் உள்ள சண்டை வேற. எடுத்தே ஆகணும்னா செட்டை ஒரே லைன்ல உட்கார வைக்காதீங்க, ரெண்டு லைனுக்கும் கலந்து போடுங்க. ஒவ்வொருத்தருக்கும் நீங்களே நேராப் பேசி, நேரா பேங்க் அக்கவுண்டுல சம்பளம் போடுங்க. அவர் கை வழியாப் பணம் போகக் கூடாது. தலைக்கு இவ்வளவுன்னு டெய்லர்ககிட்ட கமிஷன் பிடிக்கிறாரான்னு, அவர் முன்னாடி இருந்த யூனிட்டோட மிஷின் மெக்கானிக்கிட்ட விசாரிங்க. முதலாளிகிட்ட கேட்டா போறவனைப் பத்தி நல்லதைச் சொல்லி அனுப்பிருவாங்க. மெக்கானிக்குக்கு எல்லாம் தெரியும்.

இன்னொண்ணையும் கேட்டுத் தெளிவாகிக்குங்க: அவர் பேர்லயோ வீட்டுக்காரங்க பேர்லயோ எங்கயாவது பவர் டேபிள் (சின்னத் தையல் யூனிட்) ஓடுதா? ஓடுதுன்னா உங்க நூல் கோனும் ஊசியும் மட்டுமில்லை, உங்க ஆர்டரே அங்க போய்ச் சேரும்.

ஓவர்லாக் அக்காவைப் பத்தி: நல்ல டெய்லரைத் தூக்கி சூப்பர்வைசர் ஆக்கினா ரெண்டு இடத்துல அடி விழும். லைன்ல வேகமான கை ஒண்ணு போயிரும். அவங்களும் கை சும்மா இருக்காம, எங்க பீஸ் தேங்குதோ அங்க உட்கார்ந்து தாங்களே தைச்சுத் தீர்ப்பாங்க. அந்த ஒரு மணி நேரம் மத்த 19 பேரை யார் பார்ப்பா? அதனால நேரா சூப்பர்வைசர் ஆக்காம மூணு மாசம் ரிலீவரா வைங்க. யார் லீவோ அவங்க மிஷின்ல உட்காரணும், புது ஆளுக்குச் சொல்லித் தரணும், மணிக்கு மணி எத்தனை பீஸ் ஆச்சுன்னு போர்டுல எழுதணும். அதுலயே தெரிஞ்சிரும், அடுத்தவங்க கையால வேலை வாங்க வருதா இல்லையான்னு. வரலைன்னா கௌரவம் குறையாம பழைய மிஷினுக்கே திரும்பலாம். சூப்பர்வைசர்னு பேர் கொடுத்துட்டுப் பிடுங்கினா வேலையை விட்டே போயிருவாங்க.

ஐஇ_குறிப்பேடு:

ஆளைப் பற்றிப் பேசுமுன் உங்கள் கணக்கைப் பார்த்துவிடலாம். அது தெரியாமல் எடுத்தால், வந்தவர் நன்றாகச் செய்கிறாரா இல்லையா என்று சொல்ல உங்களிடம் அளவுகோலே இருக்காது.

சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு ஒரு பீஸுக்கு 7 நிமிட வேலை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஸ்டைலுக்குச் சரியான எண்ணை ஸ்டாப்வாட்ச் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். 20 டெய்லர், 480 நிமிடம், மொத்தம் 9,600 நிமிடம். 600 பீஸுக்கு ஆன வேலை 4,200 நிமிடம். திறன் 44 சதவீதம் சுமார். இதே ஆட்களோடு 55 சதவீதத்துக்கு வந்தால் 754 பீஸ். ஷிப்ட் சம்பளம் என்பதால் அந்தக் கூடுதல் 154 பீஸுக்கு நூல், கரண்ட், டிரிம்மிங், செக்கிங் செலவு மட்டும்தான். சூப்பர்வைசர் சம்பளத்தில் இரண்டாயிரம் குறைக்கலாமா என்று யோசிக்கும்போது இந்த 154-ஐ உங்கள் பீஸ் கூலியால் பெருக்கிப் பாருங்கள்.

இப்போது சோதனை. நேர்காணலில் "எத்தனை வருச அனுபவம், எந்தெந்தக் கம்பெனி" என்று கேட்டு ஒன்றும் தெரியப் போவதில்லை. ஒரு தாளில் இதை எழுதிக் கொடுங்கள்: சைடு ஓவர்லாக் 70 வினாடி, இரண்டு டெய்லர். பாட்டம் ஹெம் (அடி மடிப்பு), பேட்லாக் மிஷினில், 45 வினாடி, இரண்டு டெய்லர். ஓவர்லாக் மிஷின் ஒன்று சும்மா இருக்கிறது, டெய்லர் இல்லை. மணிக்கு எத்தனை பீஸ் வரும், கூட்ட என்ன செய்வீர்கள்?

சைடில் மணிக்கு 102, ஹெம்மில் 160. ஆக லைன் 102-ஐத் தாண்டாது, ஹெம் டெய்லர்களின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண். இதுவரை பலர் சொல்லிவிடுவார்கள். அடுத்துத்தான் பிரிவு தெரியும். "ஹெம் டெய்லர் ஒருத்தரைத் தூக்கி ஓவர்லாக்கில் போடுவேன்" என்பவர் பாதிதான் யோசித்திருக்கிறார். சைடு 154 ஆகும், ஹெம் 80-க்கு விழும், முன்பு வந்த 102 கூட வராது. அந்த ஹெம் டெய்லரை 8 மணி நேரத்தில் சுமார் மூன்றரை மணி மட்டும் சைடில் உட்கார வைத்தால் இரண்டும் மணிக்கு 125 அருகில் சமமாகும். இந்த எண்ணை அவர் துல்லியமாகச் சொல்ல வேண்டியதில்லை. "முழு நாளும் மாற்ற மாட்டேன், நேரம் பிரிப்பேன்" என்றாலே போதும். அதற்கும் முன்னால் "அந்தப் பேட்லாக் டெய்லருக்கு ஓவர்லாக் ஓட்டத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டால் அவரை விடாதீர்கள். யாருக்கு எந்த மிஷின், எந்த ஆபரேஷன் வரும் என்ற பட்டியலைத் தலையில் வைத்தே லைன் ஓட்டுபவர் அவர்.

அடுத்து, ஸ்டைல் மாற்றம். திறன் விழுவது அங்கேதான். "நாளை மறுநாள் புது ஸ்டைல் ஏறுகிறது, இன்று என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அப்ரூவ்டு சாம்பிளைக் கையில் வாங்கி ஆபரேஷன் வரிசை எழுதுவது, எந்த மிஷின் எங்கே நகர வேண்டும் என்று பார்ப்பது, ஃபோல்டரும் (துணியை மடித்துக் கொடுக்கும் பாகம்) ஊசி நம்பரும் நூல் கலரும் ஸ்டோரில் இருக்கிறதா என்று பார்ப்பது, கட்டிங்கிலிருந்து முதல் பண்டில் எப்போது வரும் என்று மாஸ்டரிடம் உறுதி செய்வது, முதல் 10 பீஸைத் தைத்து அளவு பார்த்த பிறகே லைனுக்கு விடுவது. இதெல்லாம் வாயில் வர வேண்டும். "ஏறினதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவரிடம் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் முதல் இரண்டு நாள் போய்விடும்.

நிஃப்ட்-டீ பையனைப் பற்றிப் பல்லடம் ஒன்றும் சொல்லவில்லை. மேலே சொன்ன கணக்கு அவருக்குச் சுலபமாக வரும்.

பல்லடம்_ஃப்ளோர்:

கணக்கு வருங்க, நான் இல்லைங்கலை. ஆனா இருபது வருசமாத் தைக்கிற அக்காகிட்ட ஸ்டாப்வாட்சை நீட்டிக்கிட்டு நின்னா, அன்னிக்கு அந்த மிஷின் தானா மெதுவா ஓடும். பையனை லைன்ல நேராப் போடாம, டைம் எடுக்க, போர்டு பார்க்க, ஸ்டைல் மாத்தத்துக்குத் தயார் பண்ண வைங்க. ரெண்டு லைனுக்கும் பொதுவா இருக்கட்டும். மிஷின்ல உட்கார்ந்து மூணு நாலு ஆபரேஷன் தைக்கக் கத்துக்கட்டும், வேகம் வேண்டாம், கஷ்டம் தெரிஞ்சாப் போதும். ஒரு வருசத்துல அவன்தான் உங்க ஃப்ளோர் இன்சார்ஜா வருவான்.

செக்கிங்_டேபிள்:

எண்ணிக்கை பற்றி நிறையச் சொல்லியாயிற்று. தரத்துக்கும் சில கேள்விகள்.

"ஊசி உடைந்தால் என்ன செய்வீர்கள்?" இதுதான் முதல் கேள்வி. மிஷினை நிறுத்தி, உடைந்த எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டி, நேரமும் மிஷின் நம்பரும் எழுதிய பிறகே புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அந்த பண்டில் முழுவதும் தனியாக எடுத்து வைத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தைகள் உடுப்பு என்றால் இதில் தயவே கிடையாது. "மெக்கானிக் மாத்திருவாருங்க" என்று மட்டும் சொல்பவர் எக்ஸ்போர்ட் லைனில் நின்றதில்லை.

"பனியன் துணியில் ஊசி ஓட்டை விழுகிறது, ஏன்?" முனை மழுங்கிய ஊசி, பால் பாயின்ட் (உருண்டை முனை) இல்லாத ஊசி, துணிக்குப் பொருந்தாத பெரிய நம்பர், துணியே காய்ந்து மென்மை இல்லாமல் வந்தது. நான்கில் குறைந்தது இரண்டு காரணமாவது அவர் வாயில் வர வேண்டும். அலசின பிறகுதான் பல ஓட்டை கண்ணுக்குத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னால் நல்ல ஆள்.

ஷேடு கலப்பு பற்றியும் கேளுங்கள். கட்டிங்கில் ஒட்டிய பண்டில் ஸ்டிக்கரை லைனில் பிய்த்துப் போட விடுகிறவர் என்றால், முன்பக்கம் ஒரு ரோலும் கை ஒரு ரோலுமாக பீஸ் வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது, பார்ட்டியின் லைட் பாக்ஸில் தெரியும்.

நேர்காணலுக்கு அடுத்து, ஃப்ளோரில் இரண்டு நாள் சம்பளத்தோடு நிற்க வையுங்கள். முதல் நாள் எதுவும் சொல்லாமல் பாருங்கள். நல்லவர் முதலில் செக்கிங் டேபிளுக்குப் போய் ரிஜெக்ட் பீஸைப் புரட்டுவார், பிறகு எந்த மிஷின் பக்கத்தில் பீஸ் மலையாகக் குவிந்திருக்கிறது என்று பார்ப்பார். மற்றவர் லைன் நடுவில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். இரண்டாம் நாள், ஒரு டெய்லரிடம் வந்த தவறை அவரே போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். பீஸை மேசையில் வீசுகிறாரா, உட்கார்ந்து காட்டுகிறாரா என்பதை லைன் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்களும் பாருங்கள்.

பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடம். பழைய இடத்தில் அவர்மேல் புகார் ஏதும் வந்ததா என்று அங்கே வேலை பார்த்த பெண்களிடமே விசாரிக்க வேண்டும், ஆண் சூப்பர்வைசர் என்றால் கட்டாயம். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். உங்கள் 24 மிஷினுக்கே இது பொருந்தும். சூப்பர்வைசர் சேரும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒடிசா, பீகார் ஆட்கள் லைனில் இருந்தால் இந்தி பேசத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். தமிழில் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைக்கிற சூப்பர்வைசர்கள் நிறைய.

பெருமாநல்லூர்_யூனிட்:

எல்லாருக்கும் நன்றிங்க. அக்காவை ரிலீவரா வெச்சுட்டு, ரெண்டாவது லைனுக்கு வெளியாள், பையனை பொதுவா வைக்கலாம்னு ஓடுது. வெளியாள் சம்பளத்தை எப்படிப் பிரிக்கறது? மாசச் சம்பளம் மட்டும் கொடுத்தா மந்தமாயிருவாங்கங்கறாங்க, பீஸ் கணக்குல கொடுத்தா தரம் போயிருமேன்னு பயமா இருக்கு.

கணக்கு_வழக்கு:

ரெண்டும் சரியான பயம். மாதச் சம்பளம் உறுதியாக இருக்கட்டும், அதற்கு மேல் ஊக்கத்தொகை. கணக்கு இப்படி வைக்கலாம்: மாதச் சராசரித் திறன் 50 தாண்டினால் சம்பளத்தில் 5 சதவீதம், 55-க்கு 10, 60-க்கு 15. எண்ண வேண்டியது லைனிலிருந்து வெளியே வந்த பீஸை அல்ல, செக்கிங் பாஸ் ஆனதை. 100 பீஸில் கண்ட தவறு 8-ஐத் தாண்டினால் ஊக்கத்தொகை பாதி, 12-ஐத் தாண்டினால் இல்லை. இந்த எல்லைகளை உங்கள் செக்கிங் ரெஜிஸ்டரில் மூன்று மாதக் கணக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இதையே வைக்க வேண்டாம்.

சண்டை வரும் இடங்களை முன்பே எழுதி வைக்க வேண்டும். கட்டிங் வராமல் லைன் நின்ற நேரம், கரண்ட் போன நேரம், புது ஸ்டைலின் முதல் மூன்று நாள்: இவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இரண்டாம் மாதமே "மாஸ்டர் தப்புக்கு என் காசா?" என்று கேட்பார், கேட்பதும் நியாயம். மறுபக்கம் ஒரு ஓட்டையும் உண்டு. ஊக்கத்தொகைக்காகச் சுலபமான சைஸை எல்லாம் தள்ளிவிட்டு, ஆல்டர் பீஸையும் (திருத்தித் தைக்க வேண்டியது) குறைவு விழுந்த சைஸையும் மூலையில் போட்டு வைப்பார்கள். எண்ணிக்கை நன்றாக இருக்கும், ஆர்டர் மட்டும் முடியாது, பேக்கிங்கில் எம் சைஸுக்கு ஆள் விட்டுத் தேடுவீர்கள். அதனால் ஊக்கத்தொகையில் பாதியை ஆர்டர் முழுசாக முடிந்து, வெட்டின பீஸுக்கும் அனுப்பின பீஸுக்கும் கணக்கு நேரான பிறகு கொடுங்கள்.

சட்டப்படி கவனிக்க வேண்டியவை. இஎஸ்ஐ வரம்பு 21,000 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75, உங்கள் பங்கு 3.25 சதவீதம். நடுவில் சம்பளம் 21,000 தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் கடைசிவரை, பிடித்தம் தொடர வேண்டும். பலர் தாண்டின மாதமே நிறுத்திவிட்டுப் பிறகு மாட்டுகிறார்கள். பிஎஃப்: ஏற்கெனவே யூஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) வைத்திருக்கிறவர் சம்பளம் 15,000-க்கு மேல் என்பதற்காக வெளியே நிற்க முடியாது, தொடர்ந்தே ஆக வேண்டும். அவரே "பிஎஃப் வேண்டாங்க, கையில கொடுங்க" என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சின தொகை ஊதியமாகவே கணக்காகும். ஆகவே அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, படியைக் கூட்டிக் காட்டும் பழைய வித்தையால் லாபமில்லை. கடிதத்தில் இருக்க வேண்டியது: வேலையின் பேர், எந்த லைன், சம்பளம், ஊக்கத்தொகைக் கணக்கு, மூன்று மாதத் தகுதிகாண் காலம், விலகுவதற்கு முன் எத்தனை நாள் சொல்ல வேண்டும். வாயால் பேசிக்கொண்ட அட்வான்ஸ் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள், மாதம் எவ்வளவு பிடிப்பது என்பதோடு.

பல்லடம்_ஃப்ளோர்:

கடைசியா ஒண்ணு, இது உங்களுக்குங்க. வர்றவர் நிலைக்கறது முதல் மாசம் நீங்க எப்படி நடந்துக்கறீங்கங்கறதைப் பொறுத்து இருக்கு. இத்தனை நாள் டெய்லர்க எல்லாம் "அண்ணா, லீவு வேணும்"னு உங்ககிட்ட நேரா வந்திருப்பாங்க. இனியும் வருவாங்க. நீங்க "சரி போ"ன்னு சொன்ன அன்னிக்கே சூப்பர்வைசர் பேச்சு செல்லாக்காசு. அவர்கிட்டயே அனுப்புங்க. அவர் தப்பா முடிவெடுத்தாலும் லைன் முன்னாடி மாத்தாதீங்க, சாயங்காலம் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க.

ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துருங்க. அவரே முடிவு பண்ணலாம்: ஒரு நாள் லீவு, கேட் பாஸ், யாரை எந்த மிஷின்ல உட்கார வைக்கறது, தரம் சரியில்லைன்னா அந்த மிஷினை நிறுத்தறது. உங்களைக் கேட்கணும்: ஆள் எடுக்கறது, நிறுத்தறது, சம்பள உயர்வு, ஒன்றரை ஷிப்ட் போடறது, மெக்கானிக்கை வெளியிலிருந்து கூப்பிடறது. இதுல மிஷினை நிறுத்தற உரிமை ரொம்ப முக்கியம். அது இல்லாத சூப்பர்வைசர் 300 பீஸ் கெட்டுப்போனதுக்கு அப்புறம்தான் உங்களுக்குப் போன் பண்ணுவார்.

தினமும் ரெண்டே சந்திப்பு போதும். காலை 8.30-க்கு லைன் ஓடறதுக்கு முன்னாடி 10 நிமிசம்: யார் வரலை, எந்த மிஷின் ரிப்பேர், இன்னிக்கு எத்தனை பீஸ். சாயங்காலம் 10 நிமிசம்: போர்டுல எந்த மணிக்கு எண்ணிக்கை விழுந்துச்சு, ஏன். நடுவுல போன் பண்ணிப் பண்ணி "எத்தனை ஆச்சு"ன்னு கேட்காதீங்க, போர்டுல எழுதியிருக்கு.

பெருமாநல்லூர்_யூனிட்:

வெளியாளை எப்பச் சேர்க்கறது நல்லதுங்க? இப்பவே கேட்டா ஆடி முடியட்டும்ங்கறார்.

பல்லடம்_ஃப்ளோர்:

ஆடியில யாரும் சேர மாட்டாங்க, அதை விடுங்க. ஆவணியில வர்றவர் நல்லவர்னா எடுத்துக்குங்க, ஆனா தீபாவளி போனஸ் பத்தி முதல் நாளே பேசி முடிச்சிருங்க, மூணு மாசத்துக்கு எவ்வளவுன்னு. நிறையப் பேர்ல இருந்து பொறுக்கி எடுக்கணும்னா தீபாவளி முடிஞ்ச ரெண்டு வாரம்தான். ஊருக்குப் போனவங்க திரும்பி வர்றப்ப இடம் மாறுவாங்க, அப்ப கேட்டா நாலு பேராவது வருவாங்க. எப்படியானாலும் அவர் இப்ப இருக்கற இடத்துல ஷிப்மென்ட் நடுவுல விட்டுட்டு வர்றேன்னு சொன்னா, ஆர்டரை முடிச்சுக் கொடுத்துட்டே வாங்கன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் அக்காவை ரிலீவரா ஆரம்பிச்சிருங்க, போர்டு ஒண்ணு வாங்கி மாட்டுங்க, ஆபரேஷனுக்கு ஆபரேஷன் டைம் எடுத்து வைங்க. புது ஆள் வர்றப்ப கையில கொடுக்க 600-ங்கற எண்ணை விடக் கொஞ்சம் கூடுதலா ஏதாவது இருக்கணும்.